‘காப் சான் டியேகோ’ சரக்குக் கப்பலின் மாதிரி: எந்த அளவில், எந்த ஆண்டின் கப்பலாகச் செய்வது?

நீரோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போர்க்கப்பல்களையும் பாய்க்கப்பல்களையும் பற்றி இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டப்பட்டு, பெட்டகக் (கன்டெய்னர்) கப்பல்கள் வந்து துறைமுகங்களை மாற்றும் வரை உலகின் சரக்கையெல்லாம் சுமந்த பொதுச் சரக்குக் கப்பல்களைப் பற்றி எவரும் விரிவாக எழுதவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் செய்ய விரும்புவது ‘காப் சான் டியேகோ’. ஹாம்பர்க்கில் டாய்ச்செ வெர்ஃப்ட் என்னும் கப்பல் கட்டும் தளம் கட்டிய இக்கப்பல் 1961 டிசம்பர் 15 அன்று நீரில் இறக்கப்பட்டு, 1962 மார்ச்சில் ஹாம்பர்க் சூட் என்னும் கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே வடிவில் கட்டப்பட்ட ஆறு கப்பல்களில் இதுவே கடைசி. நீளம் 159.4 மீட்டர், அகலம் ஏறத்தாழ 21.5 மீட்டர், மூழ்கும் ஆழம் ஏறத்தாழ 8.5 மீட்டர். ஒன்பது உருளைகள் கொண்ட எம்.ஏ.என். டீசல் எஞ்சின் 11,650 குதிரைத்திறனோடு இதைச் சுமார் 20 நாட் (மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர்) வேகத்தில் செலுத்தியது; அக்காலச் சரக்குக் கப்பலுக்கு இது மிகுந்த வேகம். தோற்றத்தை வடிவமைத்தவர் சேசார் பின்னாவ் என்னும் கட்டடக்கலைஞர். வெள்ளை உடலும், முன்னோக்கிப் பாயும் அணியமும் (கப்பலின் முன்முனை), காற்றை வெட்டுவது போல் வளைந்த மேற்கட்டும் சேர்ந்து இந்த ஆறு கப்பல்களுக்கும் ‘தென் அட்லாண்டிக்கின் வெண்ணிற அன்னங்கள்’ என்ற பெயரைப் பெற்றுத் தந்தன.

இதைத் தேர்ந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்று, தென் அமெரிக்காவிலிருந்து காப்பிக் கொட்டை, இறைச்சி, பழம், தாவர எண்ணெய் என்று திரும்பிய கப்பல் இது. மூட்டை, பெட்டி, குளிரறை, எண்ணெய்த் தொட்டி என ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் இடம் அதற்குள் இருந்தது. அந்த உழைப்பு மாதிரியிலும் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

எனக்கு மூன்று கேள்விகள் உள்ளன. 1:100 அளவா, 1:200 அளவா? உடலை எம்முறையில் எழுப்புவது? இன்று ஹாம்பர்க்கில் அருங்காட்சியகமாக நிற்கும் தோற்றத்தைச் செய்வதா, 1962இன் தோற்றத்தையா?

தச்சுப்பட்டறை எழுதியது:

நல்ல தேர்வு, ஆனால் எளிய தேர்வு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்குக் கப்பல் மாதிரியை முதன்முறை செய்பவருக்கு நான் வழக்கமாகப் பரிந்துரைப்பது எஸ்.டி.14 வகை. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஆஸ்டின் அண்ட் பிக்கர்ஸ்கில் தளம் உருவாக்கிய அவ்வகையின் முதல் கப்பல் 1968இல் கடலுக்குச் சென்றது. கிரீஸ், பிரேசில், அர்ஜென்டினா ஆகிய நாடுகளிலும் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டு மொத்தம் 211 கப்பல்கள் உருவாயின. போர்க்கால லிபர்ட்டி கப்பல்களுக்கு மாற்றாக, குறைந்த செலவில், 14, 15 நாட் வேகத்துக்கென வடிவமைக்கப்பட்டதால் அதன் உடல் பருமனானது. நடுப்பகுதி நெடுந்தூரம் நேராகவே ஓடும். மாதிரி செய்பவருக்கு அது பெரிய உதவி.

20 நாட் கப்பல் அப்படி இல்லை. ‘காப் சான் டியேகோ’வின் அணியம் நீர்மட்டத்தில் கத்தி போல் ஒடுங்கி, மேலே செல்லச் செல்ல வெளிப்புறம் விரியும். ஒவ்வொரு குறுக்குவெட்டும் அடுத்ததிலிருந்து மாறிக்கொண்டே வரும். விலாச்சட்டங்களின் மேல் மெல்லிய பட்டைகளை ஒட்டிச் செல்லும் முறையில் இந்த விரிவைப் பிழையின்றிக் கொண்டுவருவது கடினம். ஆகவே பலகை அடுக்கு முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டக் கோடுகளின்படி பலகைகளை வெட்டி, உட்பகுதியைக் குடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, குறுக்குவெட்டு அச்சுத்தகடுகளை வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்குவது அம்முறை. அடுக்குகளின் ஒட்டுக்கோடுகள் செதுக்கும்போது சமவுயரக் கோடுகளாகத் தெரிவதால், ஒரு பக்கம் மறுபக்கத்தோடு ஒத்திருக்கிறதா என்பது கண்ணாலேயே விளங்கிவிடும்.

அளவைப் பொறுத்தவரை 1:200 போதும் என்பது என் கருத்து. 80 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், 11 சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம். வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கும். 1:100 என்றால் 1.6 மீட்டர். நீரில் மிதக்கவிடும் எண்ணம் இருந்தால் முழுச் சுமைக் கோடு வரை அமிழ 15 முதல் 17 கிலோ எடை தேவைப்படும் என்று கணக்கிடுகிறேன். ஒருவர் தனியாகத் தூக்கி நீரில் இறக்குவது சிரமம்.

கப்பித்தாம்பு எழுதியது:

நான் 1970களில் டெரிக் (சரக்குத் தூக்கும் சாய்தூண்) கொண்ட கப்பல்களில் அதிகாரியாகப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். தச்சுப்பட்டறை நண்பர் உடலைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அளவைப் பற்றிச் சொன்னதில்தான் மாறுபடுகிறேன். இத்தகைய கப்பலின் உயிர் அதன் சரக்குத் தூக்கும் அமைப்பில்தான் இருக்கிறது. சரக்குவடமாக 18, 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு வடங்கள் ஓடின. 1:100இல் அது 0.2 மில்லிமீட்டர், கையாள முடியும். 1:200இல் 0.1 மில்லிமீட்டர், கப்பிகளோ இரண்டு மில்லிமீட்டரையும் எட்டாது. அந்த அளவில் பெரும்பாலோர் பாதி வடங்களை விட்டுவிடுகிறார்கள், அல்லது இருக்க வேண்டியதைவிட இருமடங்கு தடித்த நூலைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே கப்பலைக் கெடுத்துவிடும்.

ஆண்டைப் பற்றிய கேள்விதான் முதல் கேள்வி. மற்ற இரண்டும் அதற்குப் பின்னால் வர வேண்டியவை. இன்று நிற்கும் கப்பல் 1962இன் கப்பல் ஆகாது. ஹாம்பர்க் சூட் கொடியின் கீழ் தென் அமெரிக்காவுக்கு 120 முறை சென்று திரும்பி, 1980களின் தொடக்கத்தில் விற்கப்பட்டு, வேறு பெயர்களில் கிடைத்த சரக்கையெல்லாம் ஏற்றி அலைந்து, உடைப்பதற்கு அனுப்பப்படும் நிலையில் 1986இல் ஹாம்பர்க் நகரத்தால் வாங்கப்பட்டு, தன்னார்வலர்களின் உழைப்பால் மீட்கப்பட்ட கப்பல் அது. இன்றும் தன் எஞ்சினில் பயணிகளோடு கடலோடுகிறது. அப்படி ஓட வேண்டுமானால் இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி உயிர்காப்புக் கருவிகள் தளத்தில் இருந்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தளத்தின் ஓரங்களில் வெண்ணிற உருளைப் பெட்டிகளுக்குள் வைக்கப்படும் காற்றடைத் தெப்பங்களை இன்று எல்லாக் கப்பல்களிலும் பார்க்கிறோம். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1960ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கைதான் அவற்றுக்கு விதியில் இடம் தந்தது. அதுவும் 1965 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1962இன் கப்பலைச் செய்பவர் இன்றைய படத்தைப் பார்த்து அந்த உருளைகளை வைக்கக் கூடாது. அக்காலப் படம் ஒன்றில் கண்டால் மட்டுமே வைக்க வேண்டும். ராடார், வானொலிக் கம்பிகள், பார்வையாளர்களுக்கான படிகள், அறிவிப்புப் பலகைகள் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

எல்பேக்கரை எழுதியது:

வணக்கம். நான் ஹாம்பர்க்கில் வசிக்கிறேன். யூபர்சேப்ரூக்கே இறங்குதுறையில் நிற்கும் இக்கப்பலுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். கப்பித்தாம்பு ஐயா சொல்வதை ஏற்றுக்கொண்டே, அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கப்பல் நேரில் நிற்கிறது என்பது மாதிரி செய்பவர்களுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. எஞ்சின் அறையிலிருந்து செலுத்து மேடை வரை நடந்து பார்க்கலாம், சரக்கறைக்குள்ளும் இறங்கலாம். வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறியான விஞ்சின் உருளையில் வடம் எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது, தூணின் அடியில் டெரிக்கின் முளை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பன போன்றவற்றை எந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. இரும்பில் செய்த பெரிய பொருள்கள், அதாவது தூண்கள், டெரிக்குகள், விஞ்சுகள், மேற்கட்டின் வளைவுகள், நங்கூரப் பொறி ஆகியவை பெரும்பாலும் மாறாதவை. மாறியவை சிறு பொருள்களும் வண்ணமும்தான். ஆகவே நிலையானவற்றுக்கு இன்றைய கப்பலையும், மாறக்கூடியவற்றுக்கு அக்காலப் படங்களையும் சான்றாகக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

நீரோட்டம் அண்ணா, உங்களுக்கு எந்தப் பகுதியின் படம் வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த முறை செல்லும்போது எடுத்து அனுப்புகிறேன். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவுகளையும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நீரோட்டம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. எல்பேக்கரை தம்பி காட்டிய வழி எனக்கு மிகவும் பயன்படும். 1:100 என்றும் 1962 என்றும் முடிவு செய்துவிட்டேன். எஸ்.டி.14 மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் பெட்டகங்கள் வருவதற்குச் சற்று முன், பொதுச் சரக்குக் கப்பலை எவ்வளவு நேர்த்தியாகக் கட்ட முடியும் என்பதற்கு இந்த ஆறு கப்பல்களே நல்ல சான்று என்று நினைப்பதால் இதிலேயே நிற்கிறேன். மிதக்கவிடும் எண்ணம் இல்லை, காட்சிக்கு மட்டும்.

அடுத்த ஐயம் டெரிக்குகளைப் பற்றியது. பல மாதிரிகளில் எல்லா டெரிக்குகளும் விசிறி போல் ஒரே கோணத்தில் உயர்ந்து நிற்கின்றன. அது சரியா?

கப்பித்தாம்பு எழுதியது:

சரியில்லை. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதை விளக்கக்கூடியவர்கள் குறைந்துவருகிறார்கள்.

கடலில் செல்லும்போது டெரிக்குகள் உயர்ந்து நிற்பதில்லை. தாழ்த்தப்பட்டு, தளத்துக்கு ஏறக்குறைய இணையாக, அவற்றுக்கென அமைந்த தாங்கிகளில் கிடத்திப் பிணைக்கப்பட்டிருக்கும். பெரும்பாரம் தூக்கும் டெரிக்கைத் தூணோடு சேர்த்துச் செங்குத்தாகக் கட்டிவைக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே கடற்பயணத்தில் இருக்கும் கப்பலைச் செய்தால் தளம் அமைதியாக இருக்கும்; துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கப்பலைச் செய்தால்தான் டெரிக்குகள் உயரும். அவ்வாறு உயரும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கும். வேலையில்லாத டெரிக்கை எந்தத் தலைமை அதிகாரியும் உயர்த்தி வைக்கமாட்டார்.

மூட்டைச் சரக்குக்குப் பெரும்பாலும் இரண்டு டெரிக்குகளை இணைத்தே பயன்படுத்தினோம். ஒன்றின் தலை சரக்கறை வாய்க்கு நேர்மேலே நிற்கும். மற்றொன்றின் தலை கப்பலின் பக்கத்தைத் தாண்டிக் கரைமேடைக்கு மேலே நிற்கும். இரண்டும் பக்கவடங்களால் இறுகக் கட்டப்பட்டு அசையாமல் இருக்கும். இரண்டின் சரக்குவடங்களும் ஒரே கொக்கியில் சேரும். முதல் விஞ்சு சரக்கை அறையிலிருந்து தூக்கும். பிறகு இரண்டாவது விஞ்சு இழுக்க, முதலாவது தளர்த்திக்கொடுக்க, சரக்கு குறுக்காக நகர்ந்து கரைக்கு மேலே வந்து இறங்கும். நகர்வது கொக்கி மட்டுமே. டெரிக்குகள் நகர்வதே இல்லை. நல்ல விஞ்சுக்காரர்கள் இருவர் சேர்ந்தால் இந்த வேலையில் ஒரு தாளக்கட்டு இருக்கும். கரையில் நின்று அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இதில் மாதிரி செய்பவர் அறிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. கொக்கிக்கு மேலே இரண்டு சரக்குவடங்களும் விரியும் கோணம் 60 பாகையாக இருந்தால், நடுவில் தொங்கும் பாரத்தில் ஏறத்தாழ 58 விழுக்காட்டை ஒவ்வொரு வடமும் தாங்கும். 90 பாகையில் அது 71 விழுக்காடு ஆகும். 120 பாகையில் ஒவ்வொரு வடமும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். அதற்குமேல் விரிந்தால் இழுவிசை மிக வேகமாக ஏறி வடமோ பக்கவடமோ அறுந்துபோகும். அதனால்தான் 120 பாகையைத் தாண்டக் கூடாது என்பது எங்களுக்குக் கண்டிப்பான விதியாக இருந்தது. மாதிரியில் கொக்கியை டெரிக் தலைகளுக்கு மிக அருகில், வடங்கள் ஏறக்குறையக் கிடைக்கோடாக விரியும்படி தொங்கவிட்டால், கப்பலில் வேலை செய்த எவருக்கும் அது விபத்து நேரப்போகும் கணமாகத்தான் தெரியும். சரக்கு கைப்பிடிச் சுவரைத் தாண்டப் போதுமான உயரமே போதும்.

பக்கவடங்களை விட்டுவிடாதீர்கள். டெரிக்கின் தலையிலிருந்து தளத்தின் ஓரத்துக்கு வரும் பக்கவடத்தோடு, அது நழுவினாலும் டெரிக்கைப் பிடித்துக்கொள்ளும் தனி எஃகு வடம் ஒன்றும் இருக்கும். இணைந்து வேலை செய்யும்போது பெரும் இழுவிசை அந்தத் தனிவடத்தில்தான் விழும். அது இல்லாத மாதிரியில் டெரிக் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்ற கேள்விக்கு விடை கிடையாது.

இறுக்கமும் தளர்வும் வேறுபட வேண்டும். பாரம் தாங்கும் வடம் நேராக நிற்கும். தாங்காத வடம் தன் எடையாலேயே தொய்ந்து வளையும். மாதிரியில் நூலுக்கு அந்த எடை இல்லாததால் தானாகத் தொய்யாது.

தச்சுப்பட்டறை எழுதியது:

ஐயாவின் கடைசிக் கருத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தளர்ந்த வடங்களுக்கு நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியைப் பயன்படுத்தலாம். மின்மோட்டார்ச் சுருளிலிருந்து எடுத்த கம்பியைச் சூடாக்கி மென்மையாக்கினால், விரும்பிய வளைவில் நிற்கும். இன்னும் மெல்லியதாக வேண்டுமானால், நகைப் பட்டறைகளில் கம்பி இழுக்கும் கம்பியச்சில் இழுத்து வாங்கிக்கொள்ளலாம். இறுகிய வடங்களுக்குப் பாலியெஸ்டர் நூல் ஏற்றது. பருத்தி நூல் வேண்டாம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது ஒரு பருவத்தில் இறுகும், மறு பருவத்தில் தளரும்.

உடலைப் பற்றி இன்னும் ஒன்று. தளம் தட்டையானது என்று கருதி வெட்டிவிடாதீர்கள். நீளவாக்கில் அணியத்தை நோக்கியும் பின்புறத்தை நோக்கியும் தளம் உயர்ந்து செல்லும். குறுக்குவாக்கிலும் நடுவில் உயர்ந்து ஓரங்களுக்குச் சரியும். மரபாக இந்தக் குறுக்கு வளைவு அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. உங்கள் கப்பலுக்கு அவ்விதிப்படி 4.3 மில்லிமீட்டர் வரும். இக்கப்பலின் சரியான அளவை வரைபடத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். குடைந்த உடலுக்குள் தளத்தைத் தாங்க வைக்கும் குறுக்குச் சட்டங்களின் மேல் விளிம்பிலேயே இந்த வளைவை வெட்டிக்கொண்டால், மெல்லிய பிளைவுட்டை அதன்மேல் வளைத்து ஒட்டிவிடலாம். தட்டைத் தளத்தின் மேல் எவ்வளவு நுட்பமான விஞ்சுகளை வைத்தாலும் கப்பல் உயிரற்றே நிற்கும்.

அட்டைக்கலம் எழுதியது:

இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். வெளித்தகடுகளைப் பற்றி எவரும் பேசாததால் எழுதுகிறேன். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதையும் ஆணி வரிசைகளையும் காட்டினால்தான் எஃகுக் கப்பல் போல இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1961இன் கப்பலுக்கு அது பொருந்தாது. அக்காலத்தில் உடல்கள் பெரும்பாலும் பற்றவைத்தே கட்டப்பட்டன. தகடுகள் விளிம்போடு விளிம்பாகச் சேர்ந்தன. பக்கவாட்டு வெயிலில் மெல்லிய பற்றவைப்புக் கோடும், விலாச்சட்டங்களுக்கு இடையே தகடு சற்றே உள்வாங்கியிருப்பதும்தான் கண்ணில் படும். 1:100இல் அதை வண்ணத்தால் மட்டும் உணர்த்துவது நல்லது. அடிப்பூச்சின் மேல் கூரான பென்சிலால் கோடிட்டு, அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுத்தால் போதும்.

வெள்ளையைப் பற்றி: டப்பாவிலிருந்து எடுத்த தூய வெள்ளையை அப்படியே பூசினால் மாதிரி பொம்மையாகிவிடும். தொலைவிலிருந்து பார்க்கும் பெரிய கப்பலின் வெள்ளையைக் காற்று மங்கலாக்குகிறது. ஒரு துளி சாம்பலும் அதைவிடக் குறைவான மஞ்சளும் கலக்க வேண்டும். புகைபோக்கியின் சிவப்பு உச்சியையும் அதே அளவுக்குத் தணிக்க வேண்டும்.

துரு பூசும் வழக்கத்தை எதிர்க்கிறேன். தன் கப்பல்களுக்கு வெள்ளை பூசிய நிறுவனம் அவற்றைத் துருவோடு துறைமுகத்துக்கு அனுப்ப விரும்பியிராது.

கப்பித்தாம்பு எழுதியது:

ஓரளவு உடன்படுகிறேன். மாலுமிகள் சுத்தியலும் தூரிகையுமாக ஓயாமல் வேலை செய்தார்கள் என்பது உண்மை. ஆயினும் நங்கூரச் சங்கிலி வெளிவரும் துளையின் கீழும், தளத்து நீர் வழியும் வாய்களின் கீழும் நீண்ட பயணத்தின் முடிவில் துருக்கோடு இல்லாத வெள்ளைக் கப்பலை நான் கண்டதில்லை. கரைமேடையில் உராயும் பக்கங்களிலும் வண்ணம் தேய்ந்திருக்கும். இந்த மூன்று இடங்களில் மட்டும் மிக மெல்லியதாகக் காட்டுங்கள். மற்ற இடங்களைத் தொட வேண்டாம்.

உடலின் குறிகளையும் கவனியுங்கள். எவ்வளவு ஆழம் வரை சரக்கேற்றலாம் என்று காட்டும் சுமைக்கோட்டு வளையம் 300 மில்லிமீட்டர் விட்டம், அதன் குறுக்கே செல்லும் கோடு 450 மில்லிமீட்டர் நீளம், எல்லாக் கோடுகளும் 25 மில்லிமீட்டர் தடிமன். உங்கள் அளவில் அவை 3 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர், 0.25 மில்லிமீட்டர் ஆகும். மெட்ரிக் அளவில் எழுதிய ஆழ எண்களின் உயரம் 10 சென்டிமீட்டர். உங்களுக்கு ஒரு மில்லிமீட்டர். கையால் எழுத முயலாமல் அச்சிட்ட ஒட்டுப்படலத்தைப் பயன்படுத்துங்கள்.

நீரோட்டம் எழுதியது:

இதுவரை பேசியவற்றைக் கொண்டு காட்சியை முடிவு செய்திருக்கிறேன். 1962இல், தென் அமெரிக்காவிலிருந்து திரும்பி ஹாம்பர்க்கில் கரையோடு கட்டப்பட்ட நிலையில், முன்புறச் சரக்கறைகளில் ஒன்றிலிருந்து மட்டும் காப்பி மூட்டைகள் வலையில் வெளிவருகின்றன. அந்த ஒரு வாய்க்குரிய டெரிக்குகள் இணைந்து வேலை செய்யும். மற்றவை தாங்கிகளில் கிடக்கும். உடலை நீர்மட்டத்தோடு வெட்டி, கரைமேடையின் ஒரு துண்டோடு வைக்கப்போகிறேன்.

எல்பேக்கரை தம்பிக்கு என் வேண்டுகோள்: முன்புறத் தூண்களின் அடிப்பகுதி, விஞ்சுகளின் இரு பக்கங்கள், டெரிக் தலையில் கப்பிகள் பிணைந்திருக்கும் முறை, சரக்கறை வாயின் ஓரச்சுவரின் உயரம் ஆகியவற்றின் படங்கள் வேண்டும்.

இறுதியாக ஓர் ஐயம். நீர்மட்டத்தைத் தளத்துக்கு இணையாக வெட்டினால் போதுமா?

எல்பேக்கரை எழுதியது:

பட்டியலைக் குறித்துக்கொண்டேன், அண்ணா. விஞ்சுகளின் படங்களோடு, வடம் உருளையில் எத்தனை அடுக்காகச் சுற்றியிருக்கிறது என்பதையும் சேர்த்து எடுக்கிறேன்.

கப்பித்தாம்பு எழுதியது:

போதாது. சரக்கு ஏற்றிய கப்பல் பெரும்பாலும் பின்புறம் சற்று ஆழ்ந்தே மிதக்கும். முன்புறச் சரக்கறையில் இறக்கும்போது அணியம் மேலும் எழும்பி அந்தச் சாய்வு கூடும். முன்னும் பின்னும் உள்ள ஆழ எண்களுக்கிடையே 60 சென்டிமீட்டர் வேறுபாடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவில் அது 6 மில்லிமீட்டர். வெட்டும் கோட்டைத் தளத்திலிருந்து அளக்காமல் அந்த இரண்டு எண்களிலிருந்தும் அளந்து வரையுங்கள்.

தூண்களும் மேற்கட்டும் கப்பலோடு சேர்ந்து சாயும். கொக்கியும் வலையும் சாயாது, அவை தரைக்குச் செங்குத்தாகவே தொங்கும். 25 சென்டிமீட்டர் உயரத்தில் அந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் அளவே வரும். ஆகவே மாதிரியை அதன் பீடத்தில் நிலையாகப் பொருத்திய பிறகே சரக்குவடங்களைக் கட்டுங்கள். வேலைமேசையில் தளத்தை மட்டமாக வைத்துக் கட்டினால், பீடத்தில் ஏற்றியதும் கொக்கி பக்கத்துத் தூணோடு சேர்ந்து சாய்ந்து நிற்கும். அதைத் திருத்த எல்லா வடங்களையும் அவிழ்க்க வேண்டிவரும்.